லெனேசியா வீட்டுக்கு எந்தக் கணப்பு அடுப்பு?

வாசகர் கேள்வி:

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே, லெனேசியாவில் எங்கள் வீடு இருக்கிறது. 1970களில் மாமனார் கட்டிய செங்கல் வீடு; ஓட்டுக் கூரை, அதன் கீழே அட்டை அடித்த சீலிங். சமையலறையில் இருந்த பழைய வெல்கம் டோவர் கரியடுப்பை எடுத்துவிட்டோம். அதன் செங்கல் புகைபோக்கி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரில் இன்னும் நிற்கிறது. மாமியாருக்கு வயது 78, மூச்சிரைப்பு உண்டு. பாரஃபின் ஹீட்டரின் வாடை அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மின்சாரம் நின்றுவிடும் இரவுகளில் மின் ஹீட்டராலும் பயனில்லை. ஆகவே கூடத்தில் கண்ணாடிக் கதவுள்ள விறகுக் கணப்பு அடுப்பு ஒன்று வைக்க விரும்புகிறோம். கூடம் 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம். மூன்று பக்கம் வெளிச்சுவர். சன்னல்கள் எல்லாம் சேர்த்து 8 சதுர மீட்டர் இருக்கும். ஒரு கடையில் 16 கிலோவாட் வார்ப்பிரும்பு அடுப்பைக் காட்டினார்கள். இன்னொரு கடையில் 7 கிலோவாட் எஃகு அடுப்பு, ஏறக்குறைய அதே விலை. பெரியதை வாங்கினால் வீடு முழுவதும் சூடாகும், விறகு கிடைக்காதபோது நிலக்கரியும் போடலாம் என்கிறார் என் கணவர். பழைய புகைபோக்கியிலேயே இணைத்துவிடலாமா? எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

தாங்கள் அளவுகளையெல்லாம் குறித்து எழுதியிருப்பதால் என்னால் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடிகிறது. 7 கிலோவாட் அடுப்பையே வாங்குங்கள். நிலக்கரி வேண்டாம். பழைய புகைபோக்கியைப் பயன்படுத்தலாம், ஆனால் அதற்குள் புதிய எஃகுக் குழாய் ஒன்றை இறக்கிய பிறகுதான். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, தங்கள் சீலிங்கின் மேலே என்ன இருக்கிறது என்று ஒருவரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வெறும் தூசு மட்டும் இருந்தால், அடுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் அங்கே செலவிட வேண்டும். தங்கள் கணவர் இந்தப் பதிலில் மனநிறைவு அடையமாட்டார் என்பதால், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

அடுப்பின் அளவை அறையின் பரப்பைக் கொண்டு மட்டும் முடிவு செய்வது கடைக்காரர்களின் வழக்கம். ஓர் அறைக்கு வேண்டிய வெப்பம் என்பது அந்த அறை வெளியே இழக்கும் வெப்பமே ஆகும். அதைத் தோராயமாகக் கணக்கிடுவது கடினமல்ல. குளிர்கால இரவில் வெளியே 2 பாகை, உள்ளே தங்கள் மாமியாருக்கு இதமாக 20 பாகை என்று வைத்துக்கொள்வோம். காப்பு ஏதும் இல்லாத 42 சதுர மீட்டர் சீலிங் வழியாக ஏறக்குறைய 1,900 வாட் போய்விடும். ஒரு செங்கல் கனமுள்ள வெளிச்சுவர்கள் வழியாக 1,600 வாட், ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்கள் வழியாக 800 வாட், தரை வழியாகவும் கதவு இடுக்குகளில் நுழையும் காற்றாலும் சுமார் 1,100 வாட். ஆக மொத்தம் 5,400 வாட் அளவில் வருகிறது. அதாவது இன்றைய நிலையிலேயே, எந்தத் திருத்தமும் செய்யாமலேயே, தங்கள் கூடத்துக்கு ஐந்தரை கிலோவாட் போதும்.

சீலிங்கின் மேலே 135 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு விரித்தால், அந்த 1,900 வாட் இருநூற்றுச் சொச்சமாகக் குறைந்துவிடும். மொத்தத் தேவை நான்கு கிலோவாட்டுக்கும் கீழே இறங்கும். புதிய வீடுகளில் கூரைக் காப்பைக் கட்டாயமாக்கிய எஸ்.ஏ.என்.எஸ். 10400-எக்ஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்கத் தரக்கட்டளை வந்ததே 2011ஆம் ஆண்டில்தான். அதனால் லெனேசியாவின் பழைய வீடுகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. ஒரு முறை விரித்துவிட்டால் கோடையில் ஓடு காயும் வெப்பத்தையும் அது தடுக்கும். விறகும் கேட்காது, சுத்தம் செய்யவும் வேண்டாம். அடுப்பு விற்பதும் நிறுவுவதும் என் தொழிலாக இருந்தும் இதை முதலில் சொல்கிறேன், ஏனெனில் காப்பில்லாத கூரையின் கீழே எந்த அடுப்பை வைத்தாலும் அதன் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு ஓடுகளுக்கே போகிறது.

அப்படியானால் நான்கு கிலோவாட் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். பகல் முழுவதும் ஆளில்லாமல் குளிர்ந்து கிடந்த செங்கல் சுவர்களை மாலையில் மீண்டும் சூடேற்றவும், நடைக்கதவைத் திறந்துவைத்து அடுத்த அறைகளுக்குக் கொஞ்சம் சூட்டை அனுப்பவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதற்கு 7 கிலோவாட் பொருத்தமான இருப்பு. 16 கிலோவாட் அப்படியல்ல. அதைக் கொண்டு அறையை 20 பாகையில் வைத்திருக்க வேண்டுமானால், அதன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே எரிக்க வேண்டியிருக்கும். வேறு வழியின்றிக் காற்றுத் துவாரத்தை மூடி, தீயை அடக்கி வைப்பீர்கள். பெரிய அடுப்பு வாங்கியவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். நான் புகைபோக்கி சுத்தம் செய்யப் போகும் வீடுகளில் தார் படிந்து அடைத்துக் கிடப்பவை பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய அடுப்புகள் வைத்த வீடுகளே.

தீயை அடக்கினால் என்ன கேடு என்பதை விளக்க, விறகு எரியும் விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கட்டையாக எரிவதில்லை. சூடு பட்டதும் வாயுவாக வெளியேறி, அந்த வாயுதான் சுடராக எரிகிறது. எஞ்சிய கால் பங்கே தணலாக நின்று எரியும். அந்த வாயுக்கள் முழுமையாக எரிய 600 பாகை அளவு வெப்பமும், சூடேற்றப்பட்ட காற்றும், கலந்து எரியச் சிறிது நேரமும் வேண்டும். நல்ல அடுப்புகளில் உட்சுவரில் தீச்செங்கல்லோ வெப்பம் தாங்கும் வெர்மிகுலைட் பலகையோ பதித்திருப்பதும், மேற்பகுதியில் வரிசையாகச் சிறு துளைகள் வைத்து இரண்டாம் காற்றைச் செலுத்துவதும் இதற்காகவே. காற்றை அடைத்து, பெரிய தீயறையின் அடியில் இரண்டு கட்டைகளை முனகவிட்டால், அது அந்த வெப்பத்தை எட்டாது. வாயுக்கள் எரியாமலே மேலே ஏறும். குழாயின் சுவர் 120 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் இடத்தில் கறுத்த தாராகப் படியும். அந்தத் தார் ஒரு நாள் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 பாகையை எட்டக்கூடும். எரியாத மீதி தங்கள் வாசலிலும் அண்டை வீட்டார் முற்றத்திலும் புகையாக இறங்கும். சிறிய அடுப்பில், உலர்ந்த விறகைப் பளிச்சென்று எரித்தால் இவை நேர்வதில்லை, கொடுத்த காசுக்கு வெப்பமும் கிடைக்கும்.

கடையில் சொல்லும் கிலோவாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில விற்பனையாளர்கள் ஓர் அடுப்பு அதிகபட்சம் எவ்வளவு தரக்கூடும் என்பதையே சொல்வார்கள். தங்களுக்கு வேண்டியது, சோதனைக்கூடத்தில் முறையாக எரித்து அளந்த இயல்பு ஆற்றல். ஐரோப்பாவில் தயாரான அடுப்பின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும், ஈ.என். 13240 அல்லது அதற்குப் பிறகு வந்த ஈ.என். 16510 என்னும் தர எண்ணும் அருகில் இருக்கும். 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் மூடிய விறகு அடுப்புகளின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். இந்த வரம்புக்கு உட்பட்டது என்று தகட்டிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் அடுப்பையே கேட்டு வாங்குங்கள். மூச்சிரைப்பு உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் இது வெறும் காகிதச் சான்று அல்ல. தகடே இல்லாத அடுப்பை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு கனமாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வார்ப்பிரும்பா எஃகா என்ற கேள்விக்கு மக்கள் கொடுக்கும் முக்கியத்துவம் அதற்குரியது அல்ல. வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். எஃகுத் தகடு விரைவில் சூடேறும். ஹைவெல்ட் என்னும் நம் மேட்டுநிலத்தில் குளிர்காலப் பகல் வெயிலோடு இருக்கும், மாலை ஐந்து மணிக்குமேல் சட்டென்று குளிர் இறங்கும். அந்த நேரத்தில் பற்றவைத்தவுடன் சூடு தரும் எஃகு அடுப்பு தங்களுக்கு ஏற்றது. சூட்டைப் பிடித்துவைக்கும் வேலையைத் தங்கள் செங்கல் சுவர்களே செய்யும். டென்மார்க்கின் மோர்சோ, நார்வேயின் யோட்டுல் போன்ற, 1853 முதல் இத்தொழிலில் இருக்கும் நிறுவனங்களும்கூட இரண்டு வகையையும் செய்கின்றன. எதை வாங்கினாலும் கதவுக் கயிற்றுப் பட்டை, கண்ணாடி, உட்பலகை ஆகிய மாற்றுப் பொருள்கள் இந்நாட்டில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.

இனிப் புகைபோக்கி. அடுப்பு வண்டியென்றால் அதை இழுக்கும் மாடு புகைபோக்கிதான். என் தொழிலில் வரும் புகார்களில் பெரும்பாலானவை அடுப்பைப் பற்றியதாகத் தொடங்கிப் புகைபோக்கியில் முடிகின்றன. சூடான புகை வெளிக்காற்றைவிட இலேசாக இருப்பதால் மேலே எழுகிறது, அந்த எழுச்சியே அடுப்புக்குள் புதுக்காற்றை இழுக்கிறது. லெனேசியா கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி டர்பனில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; ஆகவே அதே உயரமுள்ள புகைபோக்கியின் இழுப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. ஐரோப்பிய அடுப்புகள் பெரும்பாலும் 12 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) இழுப்பில் சோதிக்கப்படுகின்றன. 4 மீட்டர் உயரமுள்ள குழாயில் புகையின் சராசரி வெப்பம் 200 பாகையாக இருந்தால், உறைபனி இரவில் இங்கே 17 பாஸ்கல் அளவுக்கு இழுப்பு கிடைக்கும். அதே குழாய் காப்பின்றிக் குளிர்ந்து, புகை 100 பாகைக்கு இறங்கிவிட்டால் 11 பாஸ்கல்தான். வளைவுகள் அதிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். கடற்கரையில் நன்றாக எரியும் அதே அடுப்பு இங்கே கதவைத் திறந்தவுடன் கூடத்துக்குள் புகை கக்குவதற்கு இதுவே காரணம். ஆகவே அடுப்பின் மேற்புறத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் உயரம் வேண்டும் என்றும், குழாய் முழுவதும் சூடாக இருக்க வேண்டும் என்றும் நான் வற்புறுத்துகிறேன்.

தங்கள் பழைய செங்கல் புகைபோக்கி சுவரின் நடுவே, வீட்டுக்குள்ளேயே நிற்பது ஒரு பேறு. வெளிச்சுவரில் நிற்பதைவிட அது சூடாக இருக்கும். ஆனால் கரியடுப்புக்காகக் கட்டிய அத்தகைய புகைபோக்கியின் உள்வாய் சாதாரணமாக ஒரு செங்கல் நீளச் சதுரமாக, அதாவது 230 மில்லிமீட்டர் பக்கமுள்ளதாக இருக்கும். புதிய அடுப்புக்கு வேண்டிய குழாயின் விட்டம் 150 மில்லிமீட்டர். செங்கல் வாயின் பரப்பு அதைப்போல மூன்று மடங்கு. அதற்குள் புகை வேகமிழந்து, பரவி, குளிர்ந்துபோகும். தவிர, பல்லாண்டு நிலக்கரி எரித்த கரிப்பிசுக்கில் கந்தகம் இருக்கிறது. அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தை அரித்திருக்கக்கூடும். அரித்த இடத்தின் வழியாகப் புகை மாமியாரின் அறைக்கோ கூரை இடைவெளிக்கோ கசியலாம். எனவே முதலில் புகைபோக்கியை மேலிருந்து கீழ்வரை துடைப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு கேமரா இறக்கியோ புகைச் சோதனை செய்தோ விரிசலைப் பார்க்கட்டும். அதன்பின் 316 தர எவர்சில்வர் குழாயை அடுப்பிலிருந்து உச்சிவரை ஒரே தொடராக இறக்கி, சுற்றிலும் காப்பு நிரப்ப வேண்டும். அடுப்பிலிருந்து எழும் குழாயைச் செங்கல் வாய்க்குள் ஒரு முழம் நுழைத்து, சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டுப் போகும் வேலையை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது செலவு குறைந்த வழி. அதற்குப் பிறகு யாராலும் அந்தப் புகைபோக்கியை ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடியாது.

உச்சி, கூரையைத் தொடும் இடத்திலிருந்து ஒரு மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். அருகில் மூன்று மீட்டர் சுற்றளவில் உள்ள முகட்டையோ அடுத்த சுவரையோவிட 60 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்ட் மாதக் காற்று முகட்டில் மோதிப் புகையைக் கீழே தள்ளும். கூரையின் கைமரங்கள் எதுவும் புகைபோக்கியின் செங்கலுக்குள் புதைந்திருக்கின்றனவா என்பதையும் கூரைக்குள் ஏறும்போதே பார்க்கச் சொல்லுங்கள். எழுபதுகளில் கட்டியவர்கள் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். கரியடுப்புக்குப் பெரிய தீங்கு நேராமல் இருந்திருக்கலாம், ஆனால் அதை நம்பிப் புதிய அடுப்பை எரிக்கக்கூடாது. கூடத்தில் தெரியும் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்கு, அதாவது 450 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அடுப்பின் முன்னே 40 சென்டிமீட்டர் வரை ஓடு பதித்த தரை இருக்கட்டும். கம்பளம் அதற்கு அப்பால். எஸ்.ஏ.என்.எஸ். 10400 விதித்தொகுப்பில் கணப்புகளுக்கென்றே வி என்னும் தனிப் பகுதி இருக்கிறது. வேலையை எடுப்பவர் அதன்படி செய்து, எழுத்தில் உறுதி தருவாரா என்று கேளுங்கள். அந்தத் தாளின் நகலை வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள். சொல்லாமல் வைத்த அடுப்பால் தீ நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

நிலக்கரியைப் பற்றித் தங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: அது இங்கே எளிதாகக் கிடைக்கிறது, வெல்கம் டோவரில் அது பழகிய எரிபொருள். ஆனால் நிலக்கரிக்குக் காற்று அடியிலிருந்து, கம்பித்தட்டு வழியாக வர வேண்டும். விறகோ சாம்பல் மெத்தையின் மேல் கிடந்து, மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். விறகுக்கென்று செய்த அடுப்பில் கரியைப் போட்டால் அது சரியாக எரியாது, உட்பலகைகளும் தகடும் கெடும், உத்தரவாதமும் போய்விடும். இரண்டையும் எரிக்கும் அடுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு 316 தரக் குழாய் போதாது, கந்தகத்தைத் தாங்கும் 904 தரக் குழாய் வேண்டும், விலை மிக அதிகம். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நாம் சுவாசிக்கும் காற்று. நமக்குத் தெற்கே உள்ள வால் முக்கோணப் பகுதியைத்தான் 2006ஆம் ஆண்டில், காற்று மாசுக்காக முதன்முதலில் முன்னுரிமைப் பகுதியாக அரசு அறிவித்தது. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய குளிர்க்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால், புகை மேலே கலையாமல் கூரை உயரத்திலேயே தங்குகிறது. அதே காற்றைத்தான் தங்கள் மாமியார் இரவு முழுவதும் இழுத்து விடுகிறார். வீட்டுக்குள் அவரைச் சூடாக வைக்க, வீட்டுக்கு வெளியே அவருடைய மூச்சுக்கு ஆகாததைச் செய்வது சரியாக இராது.

விறகும் புகை தருவதுதான். அதைக் குறைக்க முடிவதெல்லாம் உலர்ச்சியால்தான். வெட்டியவுடன் விறகின் எடையில் பாதி வரை நீராக இருக்கும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி வெப்பம் வீணாகிறது. அதைவிடக் கேடு, அந்த நீராவி தீயறையைக் குளிரவைத்து, வாயுக்களை எரியவிடாமல் செய்வது. 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரப்பதம் உள்ள விறகே எரிக்கத் தக்கது. இரண்டு ஊசிகளுள்ள ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையின் வெளிப்புறத்தில் அல்ல, அதைப் பிளந்து புதிய உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும். பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் விறகு கொண்டுவருபவரிடம் இதைச் செய்தால் அவர் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறொருவரைப் பாருங்கள்.

மரங்களில் பிளாக் வாட்டில் தங்களுக்குச் சிறந்தது. நீலகிரியில் சீகை என்று அழைக்கப்படும் அதே மரம்தான். 19ஆம் நூற்றாண்டில் நட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டு, தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்டு, பிறகு ஓடைகளையெல்லாம் அடைத்துப் பரவியது. 1995இல் தொடங்கிய ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ அரசுத் திட்டத்தில் வெட்டி அகற்றப்படும் மரங்களில் அதுவும் ஒன்று. அதை எரிப்பதால் எந்தக் காட்டுக்கும் இழப்பில்லை. நன்றாகப் பிளக்கும், சுடரும் தணலும் சமமாகத் தரும். புளூ கம் என்னும் தைலமரமும் நல்லது. ஆனால் பச்சையாகவே விற்கப்படுவதால் பிளந்து அடுக்கி ஓராண்டு காயவிட வேண்டும். ப்ராய் என்னும் இறைச்சி சுடும் விருந்துக்கான விறகாகப் பைகளில் விற்கும் செக்கல்போஸ், நம் ஊர்ப்பக்கத்து விடத்தலை மரமே. கனமானது, நீண்ட நேரம் தணலாக நிற்கும், பற்றவைக்க மட்டும் சுள்ளி நிறைய வேண்டும். கமீல்டோரிங் என்னும் ஒட்டகமுள் மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மரம், உரிமமின்றி வெட்டவோ விற்கவோ கூடாது. தவிர அதன் தணல் மிகக் கடுமையாகச் சுடும், சிறிய அடுப்பில் நிரப்பினால் உட்தகடுகள் வளைந்துவிடும். வேலிக்குப் போட்ட பச்சை நிறம் ஏறிய மருந்திட்ட கம்பங்களில் ஆர்செனிக் இருக்கிறது. அவற்றின் ஒரு துண்டுகூட அடுப்புக்குள் போகக்கூடாது, சாம்பலும் நஞ்சு.

எவ்வளவு விறகு ஆகும்? 6 கிலோவாட் அளவில் எரிக்கும்போது, முக்கால் பங்குத் திறனுள்ள அடுப்பு மணிக்கு 2 கிலோ உலர்ந்த விறகு எடுக்கும். மாலை ஐந்து மணி நேரம் எரித்தால் 10 கிலோ. குளிர்காலத்தில் நூறு மாலைகள் என்று கொண்டால் ஒரு டன். கூரைக்குப் பஞ்சு விரித்துவிட்டால் இதில் கணிசமான பங்கு மிச்சமாகும். ஒரு டன் விறகை மழை படாமல், காற்றோட்டமாக, தரையில் படாமல் அடுக்க முற்றத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். கறையான் வழி பிடித்துவிடும்.

வீடு முழுவதும் சூடாகும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றி மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறேன்: எந்த அளவுள்ள அடுப்பானாலும் அது நிகழாது. கூடத்திலிருந்து ஒரு நடையும் இரண்டு கதவுகளும் தாண்டி இருக்கும் படுக்கையறைக்குச் சூட்டை அனுப்ப முயன்றால், கூடம் 28 பாகையில் புழுங்கும், படுக்கையறை 14 பாகையைத் தாண்டாது. மாமியாரின் அறை கூடத்தை ஒட்டி இருந்தால் கதவைத் திறந்துவைத்தாலே போதுமானது. தொலைவில் இருந்தால், குளிர்காலத்துக்கு மட்டும் அவருடைய கட்டிலைக் கூடத்தை ஒட்டிய அறைக்கு மாற்றுவதைப் பற்றி வீட்டாரோடு பேசிப் பாருங்கள். இரவு முழுவதும் எரியட்டும் என்று கட்டையை நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டுத் தூங்குவது மட்டும் கூடாது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு கடைசிக் கட்டையைப் பளிச்சென்று எரியவிட்டு, சுடர் அடங்கித் தணல் மட்டும் நிற்கும்போது காற்றைக் குறையுங்கள். சுவர்கள் பிடித்துவைத்த சூடு விடியல்வரை ஓரளவு நிற்கும்.

மூச்சிரைப்புக்காகச் சில சொற்கள். மூடிய அடுப்பிலிருந்து அறைக்குள் புகை வருவது பெரும்பாலும் கதவைத் திறக்கும்போதுதான். சுடர் அடங்கித் தணலான பிறகே மறுகட்டை போடுங்கள். முதலில் காற்றைத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு நீக்கிச் சில நொடிகள் பொறுத்து, பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். சமையலறையின் புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போது அடுப்பைத் திறக்காதீர்கள். அது புகைபோக்கியைவிட வலுவாக இழுத்துப் புகையைக் கூடத்துக்குள் கொண்டுவரும். இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டு, அடுப்புக்கென்று மூடமுடியாத காற்றுத் துவாரம் ஒன்றைச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். இம்பாவுலா என்னும் தகர டின் கரிக்கணப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழாமல் போன செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. அங்கே கொன்றது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. புகைபோக்கி அடைபட்டால் எந்த அடுப்பிலிருந்தும் அது வரலாம். அடுப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஓர் எச்சரிக்கைக் கருவியும், மாமியார் படுக்கும் அறையில் இன்னொன்றும், மின்கலத்தில் இயங்குபவையாக மாட்டிவிடுங்கள். மருத்துவரிடமும் இந்த ஏற்பாட்டை ஒரு முறை சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. விறகுக் கணப்பே வேண்டாம் என்று அவர் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள். அப்போது கூரைப் பஞ்சும், புகை வெளியே போகும்படி சுவரில் பொருத்தும் எரிவாயுக் கணப்பும் தங்களுக்குப் போதும்.

துகள்விறகு எனப்படும் பெல்லட் எரிக்கும் அடுப்புகளைப் பற்றி யாராவது சொல்வார்கள். புகை மிகக் குறைவுதான், ஆனால் அவற்றின் விசிறியும் திருகும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்வெட்டுக்காக அடுப்பு தேடும் தங்களுக்கு அது உதவாது.

வேலையைத் தொடங்கும் வரிசை இதுவாக இருக்கட்டும்: இந்த வாரமே வாட்டில் விறகுக்குச் சொல்லிவைத்து, பிளந்து அடுக்கிவிடுங்கள். அடுத்துக் கூரைப் பஞ்சு. பிறகு புகைபோக்கியைச் சுத்தம் செய்து சோதிப்பவரை அழையுங்கள். அவர் சொல்லும் செலவு தெரிந்த பிறகே அடுப்புக்கு முன்பணம் கொடுங்கள், ஏனெனில் குழாய் வேலை சில வீடுகளில் அடுப்பின் விலையையே எட்டிவிடுகிறது. குளிர் தொடங்கும் மே மாதத்துக்குப் பிறகு நல்ல பணியாட்கள் கிடைப்பது அரிது. அடுப்பு வந்தபின் முதல் இரண்டு மூன்று முறை சுள்ளியால் மட்டும் சிறு தீ மூட்டி ஆறவிடுங்கள். எஃகின் மேலுள்ள வர்ணம் காயும்போது கடுமையான வாடையும் மெல்லிய புகையும் வரும். அந்த நாட்களில் சன்னல்களைத் திறந்துவைத்து, மாமியாரை வேறு வீட்டில் இருக்கச் செய்துவிடுங்கள். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வெளியே, மரப்பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். அதற்குள் கங்கு இரண்டு மூன்று நாட்கள்கூட உயிரோடு இருக்கும்.